உழைப்பவனின் பங்கு: அரசுக்கு ஊதிய ஆலோசனை கூறுவோரின் பொறுப்பு



ஒரு மனிதன் உழைக்கிறான். மற்றொருவன் அந்த உழைப்புக்கு விலை வைக்கிறான். உலகில் அன்றாடம் நடைபெறும் கொடுக்கல் வாங்கல்களிலேயே நீதி தவறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். விலை வைப்பவனிடம் பணம் இருக்கிறது. உழைப்பவனிடம் பசி இருக்கிறது. பணம் காத்திருக்கும், பசி காத்திருக்காது. ஆகவேதான் கூலியை நிர்ணயிப்பதும், அதனை உரிய நேரத்தில் கொடுப்பதும் வெறும் வணிக ஒப்பந்தமாக அல்லாமல் மறுமையில் விசாரிக்கப்படும் அமானிதமாக நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளன. வியர்வை உலர்வதற்கு முன் கூலி என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் குடும்பம் நம்மிடையே இல்லை.

ஆனால் கூலி கொடுப்பவர் ஒரு தனிமனிதராக இல்லாமல் அரசாங்கமாக இருந்தால்? கொடுக்கப்படும் பணம் எவருடைய சொந்தப் பணமும் அல்லாமல் மக்கள் செலுத்திய வரிப்பணமாக இருந்தால்? அப்போது நியாயமான ஊதியம் எது என்பதை யார் சொல்வது, எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வி இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 8-ஆவது ஊதியக் குழுவை அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அக்குழு 2025 நவம்பரில் முறைப்படி அமைக்கப்பட்டது. அறிக்கை தருவதற்கு அதற்கு 18 மாத கால அவகாசம் வழங்கப்பட்டது.

கோவையிலும் கொங்கு வட்டாரத்திலும் இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும். நம் குடும்பங்களில் போத்தனூர் ரயில்வேயில் பணியாற்றுவோர் உண்டு. அஞ்சலகத்திலும் அரசுப் பள்ளியிலும் பணியாற்றுவோர் உண்டு. ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் பெரியவர்கள் உண்டு. இவர்கள் எவரும் இல்லாத வீட்டிலும் வரி செலுத்துவோர் உண்டு. அந்த வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் குப்பையை வாங்கிச் செல்லும் தூய்மைப் பணியாளரும் உண்டு. எனவே இந்த ஆலோசனைக் குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன, எதைச் சரியாகச் செய்கின்றன, யாரைக் காணாமல் விட்டுவிடுகின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

ஊதியக் குழு என்பது என்ன?

ஊதியக் குழு ஆணையிடும் அமைப்பு அன்று. ஆலோசனை கூறும் அமைப்பு. முதலில் அரசு அதன் ஆய்வு வரம்பை எழுதிக் கொடுக்கும். பிறகு குழு வினாப்பட்டியலை வெளியிடும். ஊழியர் சங்கங்களிடமும் துறைகளிடமும் கோரிக்கை மனுக்களைப் பெறும். நேரில் அழைத்து விசாரிக்கும். பணியிடங்களுக்குச் சென்று பார்க்கும். அதன்பின் அறிக்கையை அளிக்கும். ஏற்பதும், திருத்துவதும், தள்ளுவதும் அமைச்சரவையின் அதிகாரமாகும்.

நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டில், 1946-இல், முதல் குழு அமைந்தது. அதன் தலைவர் தமிழரான நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார். 1947-இல் அது அறிக்கை தந்தபோது அகவிலைப்படியையும் சேர்த்துக் கடைநிலை ஊழியருக்குக் கிடைத்தது மாதம் ரூ.55. 1994-இல் அமைந்த 5-ஆவது குழுவின் தலைவரும் தமிழரே. நெல்லைச் சீமையைச் சேர்ந்த நீதிபதி எஸ். இரத்தினவேல் பாண்டியன். அக்குழு குறைந்தபட்ச ஊதியமாக ரூ.2,440 என்று கூறியது. அரசு அதனை ரூ.2,550 ஆக உயர்த்தியது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் 6-ஆவது குழு 2008-இல் ரூ.6,660 என்றது, அரசு ரூ.7,000 ஆக்கியது. நீதிபதி மாத்தூரின் 7-ஆவது குழு 2015-இல் ரூ.18,000 என்றது, அரசு அதை அப்படியே ஏற்று 1.1.2016 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆலோசனை வேறு, முடிவு வேறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டு குழுக்களுக்கு இடையே ஏறத்தாழ பத்தாண்டுகள் கழிகின்றன. அதுவரை விலைவாசி காத்திராது என்பதால் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணே இதற்கு அளவுகோல். அந்தக் குறியீட்டுக்காக விலைகள் திரட்டப்படும் நாட்டின் 88 மையங்களுள் கோவையும் ஒன்று. நம் ஊர்க் கடைவீதியில் அரிசியும் எண்ணெயும் விலையேறினால், தில்லியில் அமர்ந்திருக்கும் எழுத்தரின் அகவிலைப்படியில் அதன் சிறு பங்கு சேர்கிறது. வீட்டு வாடகைப்படிக்காக நகரங்கள் மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய கொங்கு நகரங்கள் நடுவகையில் இடம்பெறுகின்றன.

குன்னூரில் பிறந்த கணக்கு

ரூ.18,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கான விடை நம் அருகிலேயே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் எட்டக்கூடிய குன்னூரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை பணியாற்றியவர் வாலஸ் அய்க்ராய்டு என்ற அறிஞர். இந்தியர் உண்ணும் உணவுகளின் சத்துகளை அளந்து பட்டியலிட்டவர். உழைக்கும் மனிதன் ஒருவனுக்கு அன்றாடம் எவ்வளவு உணவு தேவை என்று அவர் வகுத்த அளவுதான் பின்னாளில் ஊதியக் கணக்கின் அடித்தளமாயிற்று.

1957 ஜூலையில் புதுதில்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அய்க்ராய்டின் அளவைக் கொண்டு தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தது. முதலாவது, உழைக்கும் ஒருவர் மூன்று நுகர்வு அலகுகளைக் கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும்: கணவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. பெண்களும் பிள்ளைகளும் ஈட்டும் வருவாயைக் கணக்கில் சேர்க்கலாகாது. இரண்டாவது, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. மூன்றாவது, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. நான்காவது, அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தின் குறைந்தபட்ச வீட்டுக்கு உரிய வாடகை. ஐந்தாவது, எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்காக மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு.

இதனை நம் வீட்டு மளிகைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 7-ஆவது குழு எடுத்துக்கொண்ட அளவின்படி ஓர் அலகுக்கு நாளொன்றுக்குத் தானியம் 475 கிராம், பருப்பு 80 கிராம், எண்ணெய் 40 கிராம், பால் 200 மில்லி. மூன்று அலகுக் குடும்பத்துக்கு மாதத்தில் தானியம் 42.75 கிலோ, பருப்பு 7.2 கிலோ, எண்ணெய் 3.6 கிலோ, பால் 18 லிட்டர் ஆகும். இவற்றோடு காய்கறி, கீரை, பழம், முட்டை, மீன், இறைச்சி, துணி ஆகியவற்றையும் சேர்த்துக் கடைவிலையால் பெருக்கி, பிற செலவுகளையும் கூட்டித்தான் ரூ.18,000 என்ற தொகை எட்டப்பட்டது. ஊதியக் குழுவின் கனத்த அறிக்கைக்கு அடியில் ஓர் இல்லத்தரசியின் மாதக் கணக்கே இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. மனிதன் உண்டு உடுத்தி உறங்குவதற்கு மட்டும் வாழ்வதில்லை. சென்னையிலிருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் தொடர்ந்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆறாவது விதியொன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுகள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்று அது கூறியது. ரெப்டகாஸ் பிரெட் வழக்கு என்று அழைக்கப்படும் அத்தீர்ப்பு, தமிழகத் தொழிலாளர்கள் இந்தியா முழுமைக்கும் ஈட்டித் தந்த உரிமையாகும்.

இன்னொரு குறை இன்றும் நீடிக்கிறது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்ற கணக்கில் முதிய தாய் எங்கே, தந்தை எங்கே? பெற்றோரைப் பேணுவதைக் கடமையாகக் கொண்ட நம் சமூகத்தில், அவர்களின் மருந்துச் செலவு அரசின் கணக்கில் பூஜ்ஜியமாக நிற்கிறது. பெற்றோரையும் அலகுகளாகச் சேர்க்க வேண்டுமென்று ஊழியர் சங்கங்கள் கேட்டு வருகின்றன. அனூப் சத்பதி தலைமையில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2019-இல் அளித்த அறிக்கையில் மூன்று அலகுகளுக்குப் பதிலாக 3.6 அலகுகளைப் பரிந்துரைத்தது. தேசிய அளவிலான குறைந்தபட்சக் கூலியாக நாளொன்றுக்கு ரூ.375 என்றும் அது கூறியது. அதே 2019-இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரைமட்டக் கூலியோ வெறும் ரூ.178. ஆலோசனைக்கும் முடிவுக்கும் இடையே சில வேளைகளில் எத்தகைய பள்ளம் இருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும்

ஊதியத்தில் நீதி என்பது கடைநிலை ஊழியரின் தேவையோடு முடிந்துவிடுவதில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் போல் எத்தனை மடங்கு பெறலாம் என்பதும் நீதிக்கு உட்பட்ட கேள்வியே. 5-ஆவது குழுவின் நடைமுறையில் குறைந்தபட்சம் ரூ.2,550, அதிகபட்சம் ரூ.30,000, ஏறத்தாழ 12 மடங்கு. 6-ஆவதில் ரூ.7,000-உம் ரூ.90,000-உம், ஏறத்தாழ 13 மடங்கு. 7-ஆவதில் ரூ.18,000-உம் ரூ.2,50,000-உம், ஏறத்தாழ 14 மடங்கு. இடைவெளி சிறிது சிறிதாக அகன்றிருக்கிறது.

தமிழக அரசு தன் ஊழியர்களுக்காக 2017-இல் அன்றைய நிதித்துறைச் செயலாளர் க. சண்முகம் தலைமையிலான அலுவலர் குழுவின் பரிந்துரையை ஏற்றது. குறைந்தபட்சம் ரூ.15,700, அதிகபட்சம் ரூ.2,25,000, ஏறத்தாழ 14 மடங்கு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கேரளத்துக்குச் சென்றால் கணக்கு மாறுகிறது. அங்கு கே. மோகன்தாஸ் தலைமையிலான 11-ஆவது ஊதியத் திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 2021-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சம் ரூ.23,000, அதிகபட்சம் ரூ.1,66,800, ஏழு மடங்குக்குச் சற்றே அதிகம். இரு மாநிலங்களின் அடிப்படை ஆண்டுகள் வேறு என்பதால் தொகைகளை நேரடியாக ஒப்பிட இயலாது. ஆயினும் மடங்கை ஒப்பிடலாம். வாளையாறுக்கு இப்பால் 14 மடங்கு, அப்பால் 7 மடங்கு என்றால், இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மனிதர் எடுக்கும் முடிவேயன்றி மாற்ற முடியாத நியதி அன்று.

பைத்துல்மாலும் பணியாளரும்

இக்கேள்விகள் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதியவை அல்ல. முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள், பதவியேற்ற பின்பும் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் சந்தித்த உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் மக்களின் காரியங்களைக் கவனிக்க வேண்டியவர் வணிகத்தில் பொழுதைக் கழிக்கலாகாது என்று தடுத்து, அவர்களுக்கும் குடும்பத்துக்கும் வேண்டியதைப் பைத்துல்மாலிலிருந்து நிர்ணயித்தனர். ஊதியத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளாமல் பிறர் நிர்ணயிக்கும்படி விட்டதும், வேண்டிய அளவுக்கு மேல் பெறாமையும் அந்நிகழ்ச்சி தரும் இரு பாடங்களாகும்.

அரசுப் பணியாளருக்கு இல்லற வாழ்வும், பணியாளும், குடியிருப்பும் அமைவதற்கு வழி இருக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்துக்கொள்பவர் மோசடி செய்தவராவார் என்ற கருத்துடைய நபிமொழியொன்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. 1957-இல் புதுதில்லியில் பேசப்பட்ட தேவை அடிப்படையிலான ஊதியமும் இதே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது: இந்த மனிதன் கண்ணியத்தோடு குடும்பம் நடத்த என்ன தேவை?

மடங்கு பற்றிய கருத்து வேறுபாடும் அன்றே இருந்தது. பொதுநிதியைப் பகிர்ந்தளிக்கையில் அபூபக்ர் (ரலி) அவர்கள் அனைவருக்கும் சமமாக அளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தீவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, இஸ்லாத்தில் முந்தியவர், பிந்தியவர் எனத் தரம் பிரித்து அளித்தார்கள். நல்லோர் இருவர் இருவேறு முடிவுகளுக்கு வந்த இடம் இது. அவர்களுக்குப் பின், ஹாரூன் அர்ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்கக் கிதாபுல் கராஜை எழுதிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், வரி வசூலிக்கும் பணியாளரின் கூலியை அரசுக் கருவூலமே கொடுக்க வேண்டும், அதை மக்களின் தலையில் சுமத்தலாகாது என்று ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறினார்கள். பற்றாத ஊதியம் பணியாளரைப் பொதுமக்களின் பைக்குள் கைவிடத் தூண்டும் என்பதை அக்கால அறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அதே வேளையில், நல்ல ஊதியம் பெறுபவரும் கையூட்டு வாங்கக் கூடும். ஸகாத் வசூலிக்கச் சென்று வந்த ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது நாம் அறிந்ததே. நியாயமான ஊதியம் கையூட்டுக்குச் சொல்லப்படும் சாக்கை நீக்கும். இறையச்சமும் கண்காணிப்புமே கையூட்டை நீக்கும்.

பேச்சுவார்த்தை முறிந்தால்

ஆலோசனை முறையாக நடைபெறாதபோது விளைவது மோதல். 1957 மாநாட்டின் விதிகளை 2-ஆவது ஊதியக் குழு ஏற்கவில்லை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் பாடத்தைக் கற்றதன் விளைவாகவே 1966-இல் ஊழியர் தரப்பும் அரசுத் தரப்பும் ஒரே மேசையில் அமரும் கூட்டு ஆலோசனை அமைப்பு உருவாயிற்று.

நம் மாநிலம் பெற்ற பாடம் இன்னும் கசப்பானது. 2003 ஜூலையில், பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, எஸ்மா சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். வேலைநிறுத்த உரிமை இல்லை என்றால், நியாயமான ஊதியத்தைக் கேட்பதற்கு எஞ்சியிருக்கும் வழி நேர்மையான ஆலோசனை அமைப்பு ஒன்றே. ஆகவே அத்தகைய அமைப்பு இருப்பது ஊழியருக்கு அரசு காட்டும் தயவன்று; உரிமைக்கு ஈடாகத் தர வேண்டிய கடமையாகும்.

குழுவின் கண்ணுக்கு எட்டாதவர்கள்

இப்போது இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். குன்னூரில் பிறந்த அந்தக் கணக்கு அருமையானது. மனித முகம் கொண்டது. ஆனால் அது நிரந்தரப் பணியாளரின் வாசலோடு நின்றுவிடுகிறது. அரசுக்காகவே உழைத்தும் அரசின் ஊதிய அட்டவணையில் இடம் பெறாதவர்கள் இன்று ஏராளம்.

கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2022 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தனர். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியான ரூ.721-ஐ வழங்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. அதனை மாதக் கணக்கில் பார்ப்போம். 26 நாட்களுக்கு ரூ.18,746. அதே காலத்தில் தமிழக அரசின் கடைநிலை நிரந்தர ஊழியர் பெற்ற அடிப்படை ஊதியம் ரூ.15,700; அகவிலைப்படி 34 விழுக்காடு; இரண்டும் சேர்ந்து ரூ.21,038. வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். அதாவது, தூய்மைப் பணியாளர்கள் வீதியில் இறங்கிக் கேட்ட கூலி முழுமையாகக் கிடைத்திருந்தாலும், அரசு தன் கடைநிலை ஊழியருக்கு நியாயம் என்று கருதிய ஊதியத்தை அது எட்டியிராது. விடியலுக்கு முன் எழுந்து நம் கழிவுகளை அள்ளும் கைகளுக்கு இந்த நிலை. சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்திருந்ததும் இதே நோயின் மற்றோர் அறிகுறியாகும்.

கிராமங்களில் கடிதம் கொண்டுவரும் கிராமிய அஞ்சல் சேவகரை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் பார்வையில் அவர் அரசு ஊழியர். ஊதியக் குழுவின் பார்வையில் அவர் அட்டவணைக்கு வெளியே உள்ளவர். தனிக்குழுவின் பரிந்துரைப்படி 2018-இல் நான்கு மணி நேரப் பணிக்கு அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொடக்கத் தொகை ரூ.10,000-உம் ரூ.12,000-உம் ஆகும். கோவையின் அடையாளமாக விளங்கிய தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் தொழிலாளர்கள் பொதுத்துறைத் தொழிலாளர்களே. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது நிறுத்தப்பட்ட பங்கஜா, முருகன், கம்போடியா ஆலைகளின் எந்திரங்கள் ஓய்ந்தே கிடக்க, ஊதிய நிலுவைக்காக அத்தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது.

சட்டம் இவர்களுக்கு முற்றிலும் துணை நிற்காமல் இல்லை. சமவேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவும், வாழ்வதற்கேற்ற ஊதியம் என்பதை 43-ஆவது பிரிவும் அரசுக்கு நெறிகளாக வகுத்துள்ளன. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் அப்பதவியின் குறைந்தபட்ச ஊதியத்தை வழங்க வேண்டும் என்று பஞ்சாப் மாநில வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இடையில் ஒரு ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டால், அரசின் கைக்கும் தொழிலாளியின் கைக்கும் இடையே ஒரு திரை விழுந்துவிடுகிறது. திரைக்கு அப்பால் கூலி எவ்வளவு சென்றது, சேமநல நிதி கட்டப்பட்டதா, எத்தனை நாள் தாமதம் என்பதை எந்த ஊதியக் குழுவும் கேட்பதில்லை.

எனவே அரசுக்கு ஆலோசனை கூறுவோரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று. அரசின் பணியைச் செய்பவர் எவரோ அவர் அனைவரையும், அவர் கையெழுத்திடும் பதிவேடு யாருடையதாயினும், குழுவின் ஆய்வு வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். குடும்பம் என்பதில் முதிய பெற்றோரையும் சேர்த்து அலகுகளைக் கணக்கிட வேண்டும். மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள மடங்கை வெளிப்படையாகச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

வரி செலுத்துவோரின் உரிமை

மறுபக்கத்தையும் நீதியோடு பார்க்க வேண்டும். 7-ஆவது குழுவின் பரிந்துரைகளால் ஓராண்டில் மட்டும் ஏற்படும் கூடுதல் செலவு ரூ.1,02,100 கோடி என்று அக்குழுவே மதிப்பிட்டது. இது வானிலிருந்து பொழியும் பணம் அன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் தன் பங்குக்கு வரி கட்டுகிறார். திருப்பூரின் பனியன் கம்பெனியில் எந்தப் பணிப் பாதுகாப்பும் இன்றி உழைக்கும் பெண்ணின் வரியும் அதில் கலந்திருக்கிறது. ஆகவேதான் 8-ஆவது குழுவின் ஆய்வு வரம்பில் நாட்டின் பொருளாதார நிலை, வளர்ச்சி மற்றும் நலப் பணிகளுக்குத் தேவையான நிதி, மாநில அரசுகளின் மீது விழும் சுமை, தனியார் துறையின் ஊதிய நிலை ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளுமாறு கூறப்பட்டுள்ளது. இது நியாயமானதே.

ஆனால் சிக்கனத்தின் கத்தி எப்போதும் அடிமட்டத்தையே முதலில் அறுக்கிறது. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டு, அதே வேலையைப் பாதிக் கூலிக்கு ஒப்பந்தத்தில் வாங்குவது சிக்கனம் அன்று. கூலியைக் குறைத்துக் கொடுப்பதன் மற்றொரு பெயர். நல்ல ஊதியம் பெறும் ஊழியரும் தம் பங்குக்குச் சிந்திக்க வேண்டும். மக்களின் பணத்திலிருந்து ஊதியம் பெறுபவர் மக்களின் நேரத்துக்குக் கடன்பட்டவர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குச் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பனியன் கம்பெனிப் பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்டதாகும்.

நம் மஹல்லாவின் ஊதியக் குழு

இறுதியாக, தில்லியையும் சென்னையையும் நோக்கி நீட்டிய விரலை நம்மை நோக்கித் திருப்புவோம். ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகமும் ஒரு சிறிய ஊதியக் குழுவே. இமாமுக்கும், மோதினாருக்கும், மக்தப் மத்ரஸாவின் உஸ்தாதுக்கும் என்ன கொடுப்பது என்று அதுதான் முடிவு செய்கிறது. அங்கும் பொதுப்பணம், அங்கும் கேட்கத் தயங்கும் பணியாளர், அங்கும் விலை வைப்பவர் வேறு, உழைப்பவர் வேறு. வக்ஃப் வாரியங்களின் கீழுள்ள பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. சொல்லப்போனால், நீதிமன்றம் சொல்லும் வரை நாம் காத்திருந்திருக்கலாகாது.

வரும் மஹல்லாக் கூட்டத்தில் அந்த மூன்று அலகுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 42 கிலோ அரிசி, 7 கிலோ பருப்பு, 18 லிட்டர் பால் ஆகியவற்றை நம் ஊர்க் கடைவிலையால் பெருக்குங்கள். கோவையில் இரண்டு அறை வீட்டின் வாடகையைச் சேருங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பெற்றோரின் மருந்தையும் சேருங்கள். வந்த தொகையை இமாமின் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ‘அல்லாஹ்வுக்காகப் பணியாற்றுகிறார்’ என்ற சொல் அவருடைய இஃக்லாஸைக் குறிக்கும் சொல். நம்முடைய கஞ்சத்தனத்தை மறைக்கும் திரை அன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் விலைவாசிக்கேற்ப ஊதியத்தைத் திருத்தும் வழக்கத்தையும், மாதத்தின் முதல் நாளிலேயே கொடுக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நம் கடைகளில் நிற்கும் பையனுக்கும், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

அரசு நீதியாக நடக்க வேண்டும் என்று கோருவது நம் உரிமை. தன் வீட்டிலும் மஹல்லாவிலும் நீதியாக நடப்பவனின் குரலுக்கே அக்கோரிக்கையில் கனம் இருக்கும். வல்ல ரஹ்மான், உழைப்பவரின் உரிமையை உரிய நேரத்தில், உரிய அளவில், மனமுவந்து வழங்கும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.